இருநூற்று ஆறு ‘நல்லா இருக்கேன்’

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவப் பெருந்தகை அவர்களே! நாளைக் காலை பத்து மணிக்குக் கூடி எங்கள் ஆய்வின் ஆயுளை முடிவு செய்யப்போகும் நிதிக்குழுப் பெரியோர்களே! அடுத்தவர் நரம்பைத் தேடித் தேடியே தம் கண்ணைத் தேய்த்துக்கொண்ட செவிலிச் சகோதரிகளே! மருந்து ஏறும் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுந்த தாய்மார்களே! சிகிச்சை முடித்து, முடி முளைத்து, முகம் தெளிந்து, இன்று யாரென்று தெரியாதபடி எங்களோடு கலந்து அமர்ந்திருப்பவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மேடை எனக்குப் புதிது.

பின்னாலிருந்து ‘சத்தமா பேசுங்க’ என்று ஒரு குரல். இதோ ஐயா, பேசுகிறேன். இத்தனை நாள் மெல்லப் பேசியதுதான் என் குற்றமே.

நான் தொலைபேசியில் கேள்வி கேட்கும் வேலை செய்கிறவள். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, ஒரு ஹெட்ஃபோன், ஒரு கட்டுப் படிவம். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களை அழைத்து, ‘உடம்புல ஏதாவது குறை இருக்கா?’ என்று கேட்பேன். இருநூற்றுப் பதினான்கு பேரிடம் கேட்டேன். இருநூற்று ஆறு பேர் ‘நல்லா இருக்கேன்’ என்றார்கள். ‘குறை இல்லை’ என்ற கட்டத்தில் இருநூற்று ஆறு டிக் அடித்தேன். கீழே என் கையெழுத்து.

அந்த அறிக்கையைப் படித்துத்தான் நிதிக்குழு எங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வில் பெரிய சிக்கல் எதுவும் காணப்படவில்லை, ஆகவே ஆய்வைத் தொடரப் பணம் ஒதுக்கத் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை என்று. குழுவை நான் குறை சொல்வேனா? தாளில் இருந்ததை அவர்கள் படித்தார்கள். தாளில் இல்லாததை யார் படிப்பது?

அந்த இருநூற்று ஆறு பேரில் ஒருவர் என் தாய்மாமன். நகரப் பேருந்து ஓட்டுநர். குடலில் வந்த கட்டியை அறுத்தெடுத்து, ஆறு மாதம் மருந்து ஏற்றி, மறுபடி வேலைக்குப் போனவர். பட்டியலில் அவர் பெயர் வந்தது, அழைத்தேன். மருத்துவமனை அட்டையில் இருந்தது அத்தையின் எண். அத்தை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து நம்ம பொண்ணு பேசுது.”

“யாரு, டாக்டரம்மாவா?” மாமா என்னை இப்படித்தான் வம்புக்கு இழுப்பார்.

“மாமா, உடம்புல ஏதாவது குறை இருக்கா?”

“இருக்கும்மா. உங்க அத்தை சாப்பாட்டுல உப்பே போட மாட்டேங்கறா. எழுதிக்கோ.”

“விளையாடாதீங்க மாமா.”

“நல்லா இருக்கேன்மா. குத்துக்கல்லாட்டம் இருக்கேன். போய் வேற வேலைய பாரு.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டிக் அடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவர் ஓட்டிய பேருந்திலேயே ஏறினேன். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இடம். நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். நிறுத்தம் வந்தது; மாமா தலையைக் குனிந்து கீழே பார்த்தார். சிக்னல் வந்தது, குனிந்து பார்த்தார். வேகத்தடை வந்தது; குனிந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் சாலையை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கேட்டேன்.

“கீழ என்னத்த பாக்கறீங்க மாமா?”

“ஒண்ணுமில்லயே.”

“மாமா...”

வண்டியை அணைத்தார். “கால் எங்க இருக்குன்னு பாக்கறேன்மா. மருந்து ஏத்தினதுலேர்ந்து பாதம் மரத்துப் போச்சு. பிரேக் மேல இருக்கா, பக்கத்துல இருக்கான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது.”

“அன்னிக்கு நான் கேட்டப்ப ஏன் சொல்லல?”

“உங்க அத்தை பக்கத்துல நிக்கறா. சொன்னா, அது திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சு அன்னிக்கே படுத்துடுவா. டிப்போவுக்குத் தெரிஞ்சா சாவிய வாங்கி வெச்சுப்பாங்க. நீ வேற பேனாவும் கையுமா உக்காந்திருக்க. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

என்ன கேட்கிறீர்கள், அம்மா? இப்போதும் ஓட்டுகிறாரா என்றா? இல்லை. அன்று மதியமே சாவியை அவராகவே கொடுத்துவிட்டார். இப்போது டிப்போவில் தபால் பிரிக்கிறார். அத்தைக்கும் சொல்லிவிட்டார். அத்தை படுத்துவிடவில்லை. ஆனால் மாமா செருப்பு மாட்டும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அவர் பாதத்தையே பார்க்கிறார். இதை உங்களிடம் சொல்ல இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் மேடை ஏறினேன்.

அவையோரே! பிழை எங்கே நடந்தது? அட்டையில் இருப்பது பெரும்பாலும் நோயாளியின் எண் அல்ல. கணவரின் எண், மகளின் எண், மருமகனின் எண். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று மாலை ஏழு மணிக்கு அழைப்போம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்! அதுதான் பிழை! கூடத்தின் நடுவில் ஸ்பீக்கரில் ஒலிக்கும் கேள்விக்கு, குழந்தைகள் காது கொடுத்துக் கேட்கும்போது, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எந்தத் தாய் சொல்வாள்? எந்தத் தகப்பன் சொல்வான்?

அந்த இருநூற்று ஆறு பேரில் பத்துப் பேரை மறுபடி அழைத்தேன். அவரவர் சொந்த எண்ணை வாங்கிப் பகலில் அழைத்தேன். ‘இப்ப தனியா இருக்கீங்களா?’ என்று முதலில் கேட்டேன். ஒன்பது பேர் தங்கள் குறையைச் சொன்னார்கள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், கரும்பலகைப் பக்கம் திரும்பினால் என்ன எழுத வந்தோம் என்பது மறந்துவிடுகிறது என்றார். சமையல்காரர் ஒருவருக்கு நாக்கில் ருசியே தெரியவில்லை; மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் உப்புப் போடுகிறாராம். ஓர் இளம்பெண், கல்யாணமாகி ஒரு வருடம், ‘எனக்குக் குழந்தை பிறக்குமாக்கா?’ என்று என்னைக் கேட்டாள். என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

மாமாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ‘இது எப்ப சரியாகும்?’ என்றார் மாமா. நல்ல மருத்துவர், பொய் சொல்லவில்லை. ‘சிலருக்குச் சரியாகும், சிலருக்கு அப்படியே நிக்கும். உங்களுக்கு எப்படின்னு சொல்ல முடியலங்க. நம்ம ஆளுங்கள வருஷக்கணக்கா கூடவே போய் யாரும் பாத்து எழுதல’ என்றார்.

யாரும் எழுதவில்லை! நோயை எழுதினோம், மருந்தை எழுதினோம், வீட்டுக்கு அனுப்பிய தேதியை எழுதினோம். வீட்டுக்குப் போனவர் எப்படி வாழ்ந்தார் என்பதை எழுதவில்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டு, வாழ்க்கையை வாசலில் விட்டுவிட்டோமே, இது தகுமா?

நிதிக்குழுப் பெரியோர்களே! என் அறிக்கையை நானே திரும்பப் பெறுகிறேன். இதோ அதற்கான கடிதம்; தலைவர் கையில் தருகிறேன். இதற்காக என் வேலை போகலாம். போனால் போகட்டும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை; பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருநூற்று ஆறு டிக்கையும் நம்பி நாளை நீங்கள் கையெழுத்திட்டால், குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டுகிற இன்னொருவர் நமக்குத் தெரியாமலே போய்விடுவார். அவர் ஓட்டுகிற வண்டியில் நாம் இருப்போம். ஐந்து ஆண்டு கொடுங்கள். வீடு வீடாகப் போகிறோம். தனித்தனியாக உட்கார்ந்து கேட்கிறோம்.

சிகிச்சை முடித்து இங்கே வந்திருப்பவர்களே! கையைத் தூக்குங்கள் என்று கேட்க மாட்டேன். உங்கள் வீட்டார் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செய்த பிழையையே மைக் வைத்து மறுபடி செய்யலாமா? இந்த மண்டபத்தின் இடப்பக்கம் ஒரு சிறிய அறை இருக்கிறது. இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். கதவு நன்றாகச் சாத்தும். ஒவ்வொருவராக வாருங்கள். பெயர் வேண்டாம். நீங்கள் சொல்வது நாளை பத்து மணிக்கு முன் குழுவின் மேசையில் இருக்கும்.

இடையிடையே கேட்டீர்கள், சிரித்தீர்கள். எல்லாவற்றுக்கும் நன்றி. தலைவர் அவர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். அந்த அறைக்குத்தான் போகிறேன். யாருமே வரமாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. எல்லோருமே வந்துவிடுவீர்களோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.