அடுப்படியில் பன்னிரண்டு கோழிகள்

கோழிக்குக் குளிர் ஆகவே ஆகாது, ஐயா. அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊரில் கிராமத்து இல்லத்தரசிகள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கழுத்தில் சங்கத் துணியைக் கட்டிக்கொண்டு நாட்டுக்காகக் கோழி வளர்க்க வேண்டும் என்பது நாட்டை ஆளும் தலைவரின் கட்டளை. எங்கள் பெண்களோ, சங்கம் கொடுத்த குஞ்சுகளைப் பசிக்கு அடித்துத் தின்றுவிட்டார்கள். வெட்கக்கேடு. அதனால் ஃபெர்ராரா நகரத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வரும் நாளில், என் கோழிகள் பன்னிரண்டையும் கூடையில் போட்டு, அவர் நுழையப்போகும் வீட்டுக்கு முன்கூட்டியே கொல்லை வழியாகக் கொண்டுபோய் விடுவோம். எந்த வீட்டுக்குப் போனாலும் கொழுத்த கோழிகள். ரோமில் எனக்குப் பதக்கம் என்று பேச்சு அடிபட்டது.

அந்த வருஷம் விதவை தெல்மா வீட்டில் ஆய்வாளர் நின்றுவிட்டார்.

"இந்த நொண்டிக் கோழிய முந்தின வீட்லயும் பாத்தேனே?"

"அதேதாம்மா," என்றாள் தெல்மா. "காலையிலேர்ந்து ஊர்வலம் போவுது, நொண்டாம என்ன செய்யும்? நம்ம தலைவரே இவ்ளோ நடந்திருக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்தார். பதக்கம் பக்கத்து ஊருக்குப் போயிற்று.

"ஏண்டி, என் மானத்த வாங்கிட்டியே?" என்று கேட்டேன்.

"எம்புள்ள பசியோட பாத்துக்கிட்டு நிக்குதுக்கா. பொய் சொல்ல வாய் வரல."

தலைவரைக் கேலி செய்தாள் என்று மட்டும்தான் போலீசில் சொன்னேன். அது உண்மைதானே? எனக்குப் பொய் பிடிக்காது. அவளைத் தண்டனையாக ஏதோ தீவுக்கு அனுப்பினார்கள். ஐந்து வயது மகள் இரிதேயை ஊரில் ஒருத்தியும் ஏற்கவில்லை. நான்தான் அழைத்துவந்தேன்.

தை மாதம் கிணறே உறைந்துபோயிற்று. கோழிகளை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். கொல்லையில் கோழிக்கூண்டு காலியாகக் கிடந்தது. என் கையாலேயே புது வைக்கோல் பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்தேன்.

"பெரியம்மா, நானும் அடுப்புகிட்ட வரட்டா?"

"இடமில்லடி கண்ணு."

உண்மையிலேயே இடமில்லை, ஐயா. நரி வரும் காலம் என்பதால் கூண்டை வெளியே தாழிட்டேன். கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். காலையில் விறைத்துக் கிடந்தாள். ஆமாம், தாழிட்டது நான்தான், மறுக்கவில்லை.

ஆனால் பன்னிரண்டு கோழியும் பிழைத்தன. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.