வேண்டுமென்றே விட்டுவைத்த தாமதம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, நீரேற்று நிலையத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். நான் இந்த மைக்கைப் பிடித்திருப்பது இரங்கல் சொல்வதற்காக மட்டும் அல்ல.

நம் கட்டுப்பாட்டு அறையின் மூத்த டெக்னீஷியன், நாமெல்லாம் ‘கடிகாரம்’ என்று கூப்பிட்ட அண்ணன், மாரடைப்பில் போய்ப் பத்து நாளாகிறது. அவர் செய்த காரியம் என்ன? குடிநீரில் குளோரின் கலக்கும் வால்வை முப்பத்தைந்து வருடமாக ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டி.வி.யில் செருகிப் பிள்ளைகள் விளையாடுவார்களே, அந்த ரகம். அது செத்தபோது எல்லோரும் கையைப் பிசைந்தோம். இவர்தான், உள்ளிருக்கும் மின்சுற்றையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதக்கூடிய ஒரு புதுச் சிப்பை வாங்கி, அந்தப் பழைய கம்ப்யூட்டரை அதற்குள் அப்படியே மறுபடி உண்டாக்கினார்.

அப்படியே என்றால், குறைகளோடு. பழைய மெஷின் திரையில் எழுத்து வரையும்போதெல்லாம் கணக்குப் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும். தாமதமாகும் அந்த இழுவையையும் அளந்து சேர்த்திருந்தார்.

“எதுக்குண்ணே இந்தச் சனியன்?” என்று கேட்டேன்.

“அது இழுக்கும்னு தெரிஞ்சுதான்ப்பா அன்னைக்குப் புரோகிராம் எழுதினவன் வால்வு திறந்திருக்கிற நேரத்தை எண்ணி வச்சிருக்கான். கை வைக்காதே” என்றார்.

கை வைத்தேன். ஆம், தோழர்களே, நான்தான். அவர் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில், வேகமாக ஓடட்டும் என்று அந்த இழுவையை எடுத்துவிட்டேன். எண்ணிக்கை சீக்கிரம் முடிந்தது. வால்வு சீக்கிரம் மூடியது. மூன்று நாள் குளோரின் பாதிதான் கலந்தது. இரண்டு தெருவில் வாந்தி பேதி. ஒன்பது குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்கள்.

விசாரணையில் “விடுப்பில் போகுமுன் நான் எழுதி வைத்ததில் பிழை, என் கவனக்குறைவு” என்று எழுதிக் கொடுத்தவர் அண்ணன். அவருடைய பதவி உயர்வு போயிற்று. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. வெளியே வந்து அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “உன்னை வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்கன்னா, நான் இல்லாதப்ப இதைத் தொட ஆள் வேணாமா?”

இப்போது அவர் இல்லை. இரண்டாவது தொட்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அதே ரகப் பழைய மெஷினும் நேற்று நின்றுவிட்டது. ஆட்கள் முறைபோட்டுக் கையால் வால்வைத் திருப்புகிறார்கள். நான் எழுதி வைத்திருக்கும் புதுச் சிப்பை நாளைக் காலை நான்தான் மாட்ட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. குழாயடியில் ஒரு பிள்ளை தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாலே ஓடிப்போய்க் குழாயை மூடிவிடத் தோன்றுகிறது. அந்த இழுவையைச் சரியாக வைத்தேனா என்று இருபது முறை பார்த்தாயிற்று. பார்த்த கண்ணையே நம்ப முடியவில்லை.

அண்ணனின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்லத்தான் என்னை மேடையேற்றினீர்கள். தொடர்வேன். தனியாகத் தொடர மாட்டேன். தலைமைப் பொறியாளர் அவர்களே, விசாரணைக் கோப்பில் பெயரை மாற்றுங்கள், தண்டனையை நாளை மறுநாள் கொடுங்கள். நாளை ஒரு நாள் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் சரிபாருங்கள். மணிக்கொரு முறை தண்ணீரைச் சோதியுங்கள். நான் “எல்லாம் சரி” என்று சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.