எட்டுத்துரை திடல்

நம்ம கல்லாங்கொட்டாய்க்குக் கரண்டு வராத காலம், ரோடு வராத காலம், ரயிலு மட்டும் வந்திருந்த காலம். மொத மகாயுத்தம் நடந்துகிட்டு இருந்துச்சு. ஏரிக்கு மேல்புறம், இப்ப பந்து ஆடுறாங்களே, அந்தக் கட்டாந்தரையில வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க கூடாரம் போட்டிருந்தாங்களாம். யுத்தத்துக்குக் கொண்டுபோற கப்பல் வர்ற வரைக்கும் அஞ்சு மாசம் இங்கதான் கெடந்தாங்களாம்.

அதுல ஒருத்தன் பேரு எட்வின் கார்ட்ரைட். நம்ம சனங்க வாயில அது நுழையல. எட்டுவின்னாங்க, அப்புறம் எட்டுத்துரைன்னாங்க. துரைன்னா பெரிய துரை இல்ல, சாதாரணச் சிப்பாய். அவங்க அப்பன் நிலக்கரிச் சுரங்கத்துல வெட்டுனவன். மவன் சுரங்கத்துல எறங்கல. பதினெட்டு வயசுலேயே பந்து ஆடிச் சம்பளம் வாங்கினான். பந்து ஒதைக்கறதுக்குச் சம்பளமான்னு நம்ம ஊரே சிரிச்சுதாம். ஆனா அவங்க ஊருல அப்பவே அது இருந்துச்சு. சனிக்கிழமை ஆனா ஆயிரக்கணக்குல சனம் மழையில நின்னு பாக்குமாம். பன்னெண்டு வருசம் ஆடினான். முட்டி தேஞ்சுது, போயிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. யுத்தம் வந்துச்சு, பட்டாளத்துல சேந்துட்டான்.

நம்ம ஊருல பொன்னுரங்கம்னு ஒருத்தரு. எங்க பாட்டனுக்கு அண்ணன். பட்டாளத்துச் சமையல்கட்டுல தண்ணி தூக்குற வேலை. அங்கேயே அவங்க பேச்சைப் புடிச்சுக்கிட்டாரு, அவங்க ஆட்டத்தையும் புடிச்சுக்கிட்டாரு. ஊரு ஆளுங்க பதினோரு பேரைச் சேத்தாரு. எல்லாம் வெறுங்காலு. ஆனா பந்து கெடைச்சா பொன்னுரங்கத்தை யாரும் தொட முடியாதாம். மொசலு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடுவாராம்.

ஒரு ஞாயித்துக்கிழமை கூடாரத்துக்குப் பக்கத்துத் திடல்ல ஊருக்கும் பட்டாளத்துக்கும் ஆட்டம். ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு கோலு. கடைசியில பொன்னுரங்கம் பந்தை எடுத்துக்கிட்டு ஓடுறாரு, ஓடுறாரு. எதுக்க எட்டுத்துரை ஒருத்தன்தான். முட்டி வலி, அவனால தொரத்த முடியல. குறுக்க உழுந்து பூட்ஸ் காலை உட்டான். காஞ்ச கிளை முறியற சத்தம் கேட்டுச்சாம். பொன்னுரங்கத்துக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போச்சு.

கோலு தப்பிச்சுதுன்னு சிப்பாய்ங்க சிலபேரு கை தட்டினாங்களாம். எட்டுத்துரை தட்டல. ரெண்டு மூங்கிலை வச்சுக் காலைக் கட்டினான். வண்டி கட்டப் போனவங்க வர்றதுக்குள்ள, பொன்னுரங்கத்தை ரெண்டு கையில ஏந்திக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டான். ஆஸ்பத்திரி ஒண்ணரை மைலு.

கூட வந்த சிப்பாய் கேட்டானாம், "குடுடா, கொஞ்ச தூரம் நான் தூக்குறேன்."

"வேணாம். ஒடைச்சது நான்."

பொன்னுரங்கத்தோட அம்மா பட்டம்மா கூடவே நடந்தாங்க. வழி பூராத் திட்டிக்கிட்டே நடந்தாங்க. அவனுக்கு ஒரு வார்த்தை புரியலன்னும் சொல்லுவாங்க, அத்தனையும் புரிஞ்சுதுன்னும் சொல்லுவாங்க. ஏரிக்கரையில அவன் முட்டி தாங்காம உக்காந்தப்ப, பட்டம்மா திட்டை நிறுத்திட்டுத் தண்ணி மொண்டாந்தாங்க. மவனுக்குக் குடுத்தாங்க. அப்புறம் அவனுக்கும் குடுத்தாங்க.

மூணாம் நாளு எட்டுத்துரை ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்தான்.

"பொன்னு, காலு நேரா வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"அதைச் சொல்லவா வந்தே?"

"ஆமா. வேற ஆளு வாயால நீ கேக்க வேணாம்னு வந்தேன்."

அப்புறம் எட்டுத்துரை சொன்னானாம், "பன்னெண்டு வருசம் ஆடினேன். எத்தனை பேரு காலு என்னால போச்சுன்னு எனக்குத் தெரியாது. உழுந்தவனை யாராவது தூக்கிட்டுப் போவாங்க. நான் திரும்பிப் பாத்ததில்ல."

"இப்ப மட்டும் ஏன் தூக்கினே?"

"அங்க சம்பளத்துக்கு ஒடைச்சேன். இங்க எதுக்கு ஒடைச்சேன்னு எனக்கே தெரியல."

அதுக்கப்புறம் தெனமும் வந்தான். பொன்னுரங்கத்தைத் தோள்ல சாய்ச்சு நடக்கப் பழக்கினான். கப்பலும் வந்துச்சு, பட்டாளமும் போச்சு.

ரெண்டு வருசம் கழிச்சு, எட்டுத்துரை கூட இருந்த ஒரு சிப்பாய் ரயிலை விட்டு எறங்கி வந்தானாம். ஒரு கை இல்ல. பொன்னுரங்கம் வீடு எதுன்னு கேட்டு வந்தான். அவன் சொன்ன சேதி இது.

பாலைவனத்துல ஒரு ஆத்தங்கரை. துருக்கிப் பட்டாளத்தோட சண்டை. சாயங்காலம் ரெண்டு பக்கமும் பின்வாங்கிட்டாங்க. நடுவுல மணல்ல ஒரு துருக்கிக்காரன் அடிபட்டுக் கெடந்து முனகுறான். எட்டுத்துரை துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு எழுந்தான். சேதி சொன்ன சிப்பாய்தான் கேட்டானாம்,

"எங்கடா போற? அவன் எதிரி."

"சுட்டது நான்."

அவ்வளவுதான் சொன்னானாம். போனான், தூக்கினான், திரும்பி நடந்தான். பாதி வழியில குண்டு வந்துச்சு. எந்தப் பக்கத்துக் குண்டுன்னு இன்னிக்கி வரைக்கும் யாருக்கும் தெரியாது. விடிஞ்சு போய்ப் பாத்தா எட்டுத்துரை செத்துக் கெடந்தான். அவனுக்கு அடியில அந்தத் துருக்கிக்காரன் உசிரோட இருந்தானாம்.

பொன்னுரங்கம் வந்தவனுக்குச் சோறு போட்டாரு. அந்த ஞாயித்துக்கிழமை விந்தி விந்தித் திடலுக்குப் போனாரு. ஆடிக்கிட்டிருந்தவங்களை நிறுத்திட்டு ஒரே ஒரு சட்டம் சொன்னாரு.

அந்தச் சட்டம்தான் இன்னிக்கும் நடக்குது. திடலுக்கும் எட்டுத்துரை திடல்னு பேராச்சு; வெளியூர்க்காரங்க அதைக் கேட்டு, எட்டு துரைங்க இருந்த எடம் போலன்னு நெனச்சுக்குவாங்க. இருந்தது ஒருத்தன்தான். சட்டம் என்னன்னா, நம்ம திடல்ல எவன் அடிபட்டு உழுந்தாலும் கூட ஆடுறவங்க தொடக்கூடாது. உழவச்சவன்தான் வரணும். அவனே ரெண்டு கையில ஏந்தி, கோட்டுக்கு வெளிய கொண்டுபோய் உக்கார வச்சு, தண்ணி குடுக்கணும். உழுந்தவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நடுவர் விசில் ஊத மாட்டாரு.