மையில் அமுக்கிய விரல்

எழுதப் பழகிய பெண்களை, உதவி தருகிறவர்கள் முன்னால் கைநாட்டு வைக்கச் சொன்னவன் நான். எங்கள் அறக்கட்டளை தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தியது. அப்போது நான் அதன் செயலாளர். கையெழுத்துப் போட்டால் வந்தவர்களுக்கு இரக்கம் வராது என்று நினைத்தேன்.

சென்ற மாதம் தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"எழுதப் படிச்சதுக்கு அப்புறந்தான் நான் கைநாட்டு வச்சேன்," என்றார் மூத்தவர்.

"என்னாக்கா, தலைகீழா சொல்றீங்க?"

"வெள்ளக்காரங்க பாக்க வர்றாங்கன்னு அந்த செயலாளர் மையத் தூக்கிட்டு வந்தாரு. நான் பேனாவ எடுத்தேன். புடுங்கிட்டு, வெரலப் புடிச்சு அமுக்குனாரு. போட்டோவும் எடுத்தாங்க. எம் மக பாத்துக்கிட்டே நின்னா. அவ ஸ்கூல் ரிப்போட்ல நானே கையெழுத்து வைக்கணும்னுதான் பழகுனேன்!"

"நாலு கேள்வி கேக்கலையா?"

"கேட்டா வகுப்ப மூடிருவாங்கன்னு பயந்தேன். அப்புறம் நானே போகல. வெக்கங்கெட்ட மனுசன்!"

"இப்ப எங்க இருக்காரு?"

"எங்கயாச்சும் மேடையில மாலை போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு."

நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, இறங்கும் இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன்.

அலுவலகச் சுவரில் இன்னும் தொங்கிய அந்தப் படத்தைக் கழற்ற வைத்தேன். வகுப்பின் பழைய வரவு இடாப்பில் அவர் பெயரையும் முகவரியையும் தேடி, செய்ததை ஒளிக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. எழுத்துகள் கோணலாக இருந்தன. பிழை ஒன்றுகூட இல்லை.

"உங்கள் கடிதத்தை நானே வாசித்தேன். மன்னிக்க மாட்டேன்."