நாலு மச்சான்மார் பாரம்

— ரெண்டு ரெண்டு பேரா எறங்குங்க எண்டு செல்லிச் செல்லிக் களைச்சிட்டன் மாமா. ரெண்டு பேர் போய்த் தொழுதிட்டு வர, மத்த ரெண்டு பேரும் போகட்டும் எண்டு.

— ஜும்ஆவுக்கு முறை வெச்சா போற, மருமகன்? பாங்கு கேட்டிச்சி, பொண்ணு வீட்டு மச்சான்மார் நாலு பேரும் தொப்பெண்டு குதிச்சிட்டானுகள். மறுகா என்ன செய்ற? மூத்தவன் மட்டும் நூத்திப்பத்துக் கிலோ.

— அந்த நூத்திப்பத்துக் கிலோவாலதானே கப்பல் இவ்வளவு தூரம் சாஞ்சி வந்த! நேரா நிண்டா ரெண்டு மீற்றர் தண்ணி வேணும் இதுக்கு. வாய்க்கால்ல இடுப்பளவுக்குக் கொஞ்சம் கூட. நாலு பேரையும் பாய் கட்டுற குறுக்கு மரத்தில ஒரு பக்கமாத் தொங்க வெச்சாத்தான் கீல் மேல எழும்பும்.

— கீல் கீலெண்டு கதையாத, செட்டையெண்டு செல்லு. அடியில தொங்குற இரும்புச் செட்டை. நாப்பது வருசம் கொட்டியாரக் குடாவில தோணி ஓட்டினவன் இந்த அபூதாஹிர். பாய்க்கப்பல வயலுக்குள்ள ஓட்டினது இண்டைக்குத்தான்.

— வயலுக்குள்ள இல்ல, வாய்க்காலுக்குள்ள.

— எட்டிப் பாரு.

— யா அல்லாஹ்.

— அவனுகள் குதிச்ச குதியில கப்பல் நிமிந்து, மூக்கத் திருப்பி, வரம்ப உடைச்சிக்கொண்டு உள்ளுக்கு எறங்கிட்டு. ஒரு எருமை எழும்பி ஓடிச்சி, நீ காணல்ல. நல்ல காலம், இன்னும் விதைக்கல்ல.

— நாமளும் ஜும்ஆவுக்குப் போகல்லையே, மாமா.

— நாம பயணக்காரர். நமக்குக் கடமையில்ல.

— கிண்ணியாவில இருந்து தோப்பூருக்கு வாறதும் பயணமா?

— பஸ்ஸில வந்தா பயணமில்ல. நாம வெளிக்கிட்டு மூணு நாள்.

— இண்டைக்கு வெள்ளி. நாளண்டைக்கு நிக்காஹ்.

— அத எனக்கு ஏன் செல்ற? ஒன்ட உம்மாட்டச் செல்லு. என்ட கூடப்பொறந்த ராத்தாதான் அவ, ஆனா வாயத் திறந்தா நானும் ஓடித்தான் ஒளிக்கணும். "பொண்ணு வீட்டாக்கள் வீடு குடுக்கணும், வீடில்லாத எடத்தில என்ட மகன் அர்ஷாக் கால் வைக்க மாட்டான்" எண்டிட்டா. ஊரில எல்லாருக்கும் உள்ள வழக்கந்தானே.

— ஸாலிஹா மாமி என்ன செய்வா? நாலு பொண்ணுக்கு நாலு வீடு கட்டிக் குடுத்தா. எனக்குப் பேசின றுஷ்தா அஞ்சாவது. றுஷ்தாட வாப்பாவும் மௌத்தாகி மறைஞ்சிட்டார். அதுக்குத்தான் இதக் கொண்டாறன். ரெண்டு கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கு இரிக்கி. இந்தக் கப்பல்ல நான் வேலை செஞ்ச வெள்ளைக்காரன் ஊருக்குப் போகக்குள்ள என்ட பேருக்கு எழுதித் தந்திட்டுத்தான் போன. நான் மாமிட பேருக்கு மாத்திட்டன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து பாக்கட்டும், மாமி வளவுக்குள்ள மகளுக்குக் குடுத்த வீடெண்டு.

— மாப்பிள்ளை தனக்கு வாற சீதன வீட்டத் தானே கொண்டு போய்ப் பொண்ணு வளவில வைக்கிறத நான் இந்த வயசுக்கும் கேள்விப்பட்டதில்ல.

— நீங்க வெளிய செல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது.

— ஓம், ஒருத்தருக்கும் தெரியாது. தோப்பூர்ச் சந்தை முழுக்க வரம்பில நிண்டு கைதட்டினாங்க, அவங்களுக்குத் தெரியாது.

— மாமா. தண்ணி குறையிது.

— எங்க?

— இந்தா, ஒரு சாண் எறங்கிட்டு. மூத்த மச்சான், பின்னேரம் அஸர் தொழுகை மட்டும் வாய்க்கால் கதவு திறந்திரிக்கும் எண்டாரே!

— அவன்தானே வட்டவிதானை. வாய்க்காலுக்குத் தண்ணி விடுறதும் அவன், மறிக்கிறதும் அவன். ஆனா அவன் இப்ப பள்ளியில, மருமகன்.

— அப்ப ஆர் பூட்டின? இந்தத் தண்ணியும் போனா கப்பல் அசையாது. முடிஞ்சிது மாமா. ஒரு கிலோமீற்றர்தான் மிச்சம் இருந்த.

— அழாத. அந்தா றுஷ்தா வாறா, சுடுதண்ணிப் போத்தலும் கையுமா. கண்ணத் தொடச்சிக்க.

— அஸ்ஸலாமு அலைக்கும், அபூதாஹிர் மாமா. தேத்தண்ணி கொண்டாந்தன். ஏன் இவர்ட முகம் இப்பிடி?

— என்ன மன்னிச்சிக்கங்க றுஷ்தா. ஒங்கட உம்மாட வளவு மட்டும் கொண்டு வந்து சேக்க எனக்கு ஏலாமப் போயிட்டு. ஞாயித்துக்கிழமை எங்கட உம்மா வந்து வீடு எங்கெண்டு கேட்டா என்ன செல்ற? நீங்க இல்லாத ஒரு வீட்டுக்கும் நான் போகமாட்டன். ஆனா உம்மாட முகத்துக்கு முன்னால நிக்கப் பயமா இரிக்கி.

— இது ஆடுமா?

— என்ன?

— கப்பல். காத்தடிச்சா ஆடுமா, சாயுமா?

— சாயிறதா? கேளு புள்ள, செட்டை முழுக்கச் சேத்துக்குள்ள. கல்வீட்டுக்கும் இவ்வளவு ஆழமா அத்திவாரம் வெட்ட மாட்டாங்க.

— குசினி நேரா நிக்கிதா?

— நிக்கிது. ரெண்டு நாளா நானும் மாமாவும் சரிவில நிண்டு சோறாக்கின, இப்ப சட்டி நேரா நிக்கிது. ஏன் கேக்கிறீங்க?

— இது ஆர்ட வயலெண்டு தெரியுமா?

— அதுதான் அடுத்த பயம். வரம்ப உடைச்சிட்டம். காணிக்காரர் மம்பெட்டியோட வரப் போறார்.

— காணிக்காரி தேத்தண்ணியோட வந்திட்டன். வாப்பா மௌத்தாக முன்ன என்ட பேருக்கு எழுதின காணி இது.

— அல்ஹம்துலில்லாஹ்! அப்ப ஏச்சு இல்ல. மறுகா ஒரு வேலை செய் புள்ள. ஓடிப்போய் ஒன்ட மூத்த மச்சானப் பிடிச்சிக் கதவத் திறக்கச் செல்லு. தண்ணி வந்தா, நாலு பேரும் திரும்பித் தொங்கினா, பொழுது படக்குள்ள இழுத்து ஒன்ட உம்மாட வளவுக்குள்ள வெச்சிரலாம்.

— அந்த வளவுக்குள்ள நாலு ராத்தாமார், நாலு மச்சான்மார், பதினொரு புள்ளைகள், ஒரு கிணறு மாமா. ஒரு வீட்டில தும்மினா மத்த மூணு வீட்டில இருந்தும் கோடாலித் தைலம் வரும். மூத்த ராத்தா கலியாணம் முடிச்சிப் பதினாறு வருசம், இன்னும் மச்சானோட சண்டை பிடிக்கிறதெண்டா கடற்கரைக்குப் போறா. இங்க நிண்டு பாருங்க, வயலும் கொக்கும்தான்.

— றுஷ்தா, நீங்க என்ன செல்றீங்க?

— அதெல்லாம் கலியாணத்துக்குப் பொறகு கதைங்க! தண்ணி போகுது! வாய்க்கால் கதவுப் பூட்டுத் திறப்பு எங்க புள்ள, மச்சான்ட மடியிலயா?

— அவர் திறப்ப அலுமாரியில வெச்சிட்டுத்தான் மாமா ஜும்ஆவுக்குப் போவார். கப்பல் என்ட வயலுக்குள்ள எறங்கினதக் கண்டதும் நான் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவப் பூட்டிட்டன்.