அப்பத் தட்டு தாண்டிப் போன ஆசிரியர்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, மறைக்கல்வி ஆசிரியைகளே, பெற்றோர்களே, முன்வாங்கில் இருக்கும் தம்பி தங்கச்சிமாரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் துஷாந்தினி. உங்கள் கோவிலைச் சேர்ந்தவள் அல்ல. இங்கே உங்களுக்குத் தமிழ் வாசிக்கப் படிப்பித்த சவுந்தரநாயகம் சேரின் வெள்ளவத்தைப் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவள். அங்கே என் அப்பா மூப்பர். நான் இங்கே நிற்பது அவருக்குத் தெரியாது. இந்த உரையையும் அவர் படுத்த பிறகுதான் எழுதினேன்.

இந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் சிங்களத்தில் படிக்கிறார்கள், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்குரிய செபப் புத்தகத்தைத் தமிழில் வாசிக்கத் தெரியாமல் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானாகவே வந்தவர் சேர். புறக்கோட்டையில் பஸ் மாறி ஞாயிறு தோறும் வந்தார். படம் கீறிக் காட்ட என்னையும் கூட்டிவந்தார். அது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் சபையில் மாதாவிடம் மன்றாடுவதில்லை. இங்கே மாதா மன்றாட்டு இல்லாமல் வகுப்பு முடிவதில்லை. அப்போது சேர் என்ன செய்வார்? கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பார். ஆனால் ஒரு பிள்ளை தடக்கினால், அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் தர்ஷன் கேட்டான்.

"சேர், நீங்க மாதாவோட கோபமா?"

வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்தார்.

"கோபமில்லை மகன். நான் உங்கட வீட்டுப் பந்தியில பரிமாற வந்தனான். என்ட வீட்டுக் கறியை உங்கட இலையில ஊத்தேலாது. எனக்குப் பிடிக்காது எண்டு உங்கட கறியை ஒளிக்கவும் ஏலாது."

அந்தப் பந்தியில் அவருக்கு இலை இருந்ததா? நீங்கள் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போனபோது, கத்தோலிக்கர் அல்லாத அவர் கடைசி வாங்கில் தனியாக இருந்தார். மாலையில் எங்கள் சபையில் திருவிருந்து அப்பத் தட்டு வரிசை வரிசையாக வரும். இங்கே படிப்பிக்கிறார் என்பதற்காக அது அவரைத் தாண்டிப் போகும். தட்டைக் கொண்டுபோகிறவர் என் அப்பா. சேர் குனிந்தபடி இருப்பார். பின்வரிசையில் இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

நிறுத்திவிடலாமே சேர் என்று பஸ்ஸில் ஒருமுறை கேட்டேன். "லவினா இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள் பிள்ளை. அதுக்குள்ள எப்பிடி நிப்பாட்டுறது?" என்றார்.

போன ஞாயிறு லவினா ஒரு பக்கத்தைத் தடக்காமல் வாசித்தாள். சேர் கடும் வருத்தமாகக் கிடந்த களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சொன்னேன். சேர் கண் திறக்கவில்லை. விரலை மட்டும் அசைத்தார், வகுப்பில் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்வது போல.

சேர் காலமாகிவிட்டார், இனி இந்த வகுப்பை யார் எடுப்பது என்று வாசலில் கதைத்துக்கொண்டீர்கள். பங்குத்தந்தை அனுமதித்தால் நான் எடுப்பேன். இன்று மாலை அப்பாவிடம் நானே சொல்வேன். போன வருடம்தான் ஞானஸ்நானம் எடுத்து, அந்த அப்பத்தை வாங்கத் தொடங்கினேன். இனி அந்தத் தட்டு என்னையும் தாண்டிப் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருக்க சேரும் இல்லை.

தம்பி தங்கச்சிமாரே, ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு வாருங்கள். மாதா மன்றாட்டு சொல்லும்போது நானும் வாய் திறக்க மாட்டேன். நீங்கள் தடக்கினால், அடுத்த சொல்லை எடுத்துத் தருவேன்.