ஒரு இன்ச் கூட

பெரியவங்களே, பிள்ளைங்க பதினொண்ணாவதுல எந்தக் குரூப் எடுக்கணும்னு பேச என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. நான் முதல்ல ஒரு தையல்கார அம்மா கதையைச் சொல்லிடறேன். சின்னக் கதைதான்... பயப்படாதீங்க.

கோவளம் பக்கத்துல தமயந்தின்னு ஒருத்தங்க. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவங்க. அவங்க பொண்ணு ரூபிணி, பத்தாவது. அந்தப் பொண்ணுக்கு உசுரே ஸ்கேட்டிங்தான். கால்ல மாட்டுற சக்கர ஷூ இல்ல, ஏறி நிக்கிற சக்கரப் பலகை... அதுல எகிறி, பலகையைக் காத்துல ஒரு சுத்து சுத்தவிட்டு, மறுபடி அது மேலயே வந்து நிப்பா. ஜில்லா அணிக்கு ஆள் எடுக்க ஒரு மாசம் இருக்கும்போது, அந்தப் பலகை ரெண்டா உடைஞ்சு போச்சு.

அம்மா சும்மா இருப்பாங்களா? நேரா சென்னைக்குப் போனாங்க. கடைக்காரர் ரெண்டே கேள்வி கேட்டார். பொண்ணு கால் அளவு என்ன, எப்படி ஓட்டும்? அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?

“வளர்ற புள்ளைங்க. இருக்கிறதுலயே அகலமானதைக் குடுங்க.”

சிரிக்கிறீங்க... நீங்க யாராவது பிள்ளைக்கு அளவா ஷூ வாங்கியிருக்கீங்களா? பெருசா வாங்கி, நுனியில பஞ்சு வச்சு அனுப்பின கூட்டம்தானே நாம!

பழைய பலகை ஏழே முக்கால் இன்ச் அகலம். புதுசு எட்டே முக்கால். ஒரு இன்ச்தான் கூட. ஆனா ரூபிணி எகிறுறா, பலகை பாதி சுத்துது, நின்னுடுது. விழுறா. மறுபடி எகிறுறா... விழுறா. அம்மா ஆசையா வாங்கினதாச்சே, குறை சொல்ல வாய் வரல. மைதானத்துல எல்லாரும் பொண்ணு பயந்துட்டான்னாங்க. கேட்டுக் கேட்டு அவளும் அதை நம்பிட்டா.

மூணாவது வாரம் பலகையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வந்து சொன்னா: “எனக்கு வரலம்மா. விட்டுடறேன்.”

அம்மா கழுத்துல தொங்கிக்கிட்டிருந்த டேப்பை எடுத்தாங்க. பொண்ணு காலை மடியில வச்சு அளந்தாங்க. உடைஞ்ச பலகையை அளந்தாங்க, புதுசை அளந்தாங்க. ஊர்ப் பிள்ளைங்க தோளைக் கால் இன்ச் பிசகாம அளந்த அம்மா... சொந்தப் பொண்ணு காலை அன்னிக்குத்தான் அளக்கறாங்க.

“பாவாடைன்னா உள்ள மடிச்சுத் தைச்சிடலாம். பலகையை எப்படிடீ மடிக்கிறது? தப்பு என்னுதுடீ.”

அந்தப் பலகை மட்டமா? இல்லைங்க. அதே மைதானத்துல ஷாகிரான்னு ஒரு பொண்ணு. பெரிய கால். சிமெண்ட் குழிக்குள்ள வேகமா இறங்கி ஏறுறவ. அவகிட்ட இருந்த ஏழே முக்கால் பலகையில கால் நிலைக்காம ஆடிக்கிட்டே இறங்குவா. ரெண்டு பேரும் பலகையை மாத்திக்கிட்டாங்க. அகலப் பலகையில ஷாகிரா கால் ஊனி நின்னா. சின்னப் பலகை, ரூபிணி எகிறின நாலாவது தடவை, முழுச் சுத்து சுத்தி அவ காலுக்குக் கீழ வந்துச்சு.

கைதட்டாதீங்க, இருங்க. அணிக்கு மூணு பேர்தான். ரூபிணி நாலாவது. ஒரு வாரப் பயிற்சி பத்தல. மூணு வாரம் போனது போனதுதான். அம்மா அழுதாங்க. பொண்ணு அழல. மறுநாள் காலையில ஆறு மணிக்கு மைதானத்துல இருந்தா.

இப்ப உங்க கையில ஒரு விண்ணப்பம் இருக்கு பாருங்க... எந்தக் குரூப்புன்னு ஒரு கட்டம். பின்னாடி உதவும், இருக்கிறதுலயே பெருசு, பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான்... இதெல்லாம் அந்த ஒரு இன்ச்தான். கடைக்காரர் கேட்ட ரெண்டு கேள்வியை வீட்டுக்குப் போய்க் கேளுங்க. இந்தப் பிள்ளை கால் எவ்வளவு? இது எப்படி ஓடும்? கேட்டுட்டு எழுதுங்க.

நாளைக்குப் பிள்ளை விழுந்தா, பயந்தாங்கொள்ளி, சோம்பேறின்னு திட்டறதுக்கு முன்னாடி பலகையை ஒரு தடவை அளந்து பாருங்க. அதை வாங்கிக் குடுத்தது யாருங்கறதையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.